காய்ச்சல் அறிவிப்பும் கடல் அறிவிப்பும்

டெங்கு சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் துணை சுகாதார நிலையத்துக்குக் கட்டுக்கட்டாக நோட்டீஸ் வந்து இறங்கும். "வாரம் ஒருமுறை தொட்டி, டிரம், குடங்களில் உள்ள தண்ணீரைக் கொட்டிக் கழுவிக் காயவைக்கவும்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் இருக்கும் கடற்கரை ஊர்களில் தண்ணீர் எப்படி வருகிறது என்று அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வண்டித் தண்ணீர் வாங்குகிறார்கள். வண்டி வராத வாரம், மணலில் ஊற்றுத் தோண்டி உட்கார்ந்து, ஊறி வருகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புகிறார்கள். ஒரு குடம் நிரம்ப ஒரு மணி நேரம்கூட ஆகும். அந்தத் தண்ணீரைக் கொட்டு என்றால் யார் கொட்டுவார்கள்?

கிராம சுகாதார செவிலியராகப் பணியில் இருந்த காலம் முழுக்க இந்தக் கரையோரத்தில்தான் நான் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்கு நான் நர்சம்மாதான். காய்ச்சல், தடுப்பூசி, கொரோனா என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனையோ அறிவிப்பு போயிருக்கிறது. எது ஊருக்குள் இறங்கியது, எது காற்றோடு போனது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தவை கொஞ்சம். மீதியெல்லாம் திண்ணைகளில் கிடைத்தவை.

டெங்குவுக்கே வருகிறேன். ஏடிஸ் கொசு தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் ஈரச் சுவரில் ஒட்டிவைக்கும். டிரம் காலியாகிக் காய்ந்துபோனாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் மேலே ஏறித் தொட்டவுடன் பொரிந்து, எட்டுப் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். அப்படியானால் தண்ணீரைக் கொட்டுவதைவிடச் சுவரைத் தேய்ப்பதுதான் முக்கியமான வேலை. நோட்டீசில் அதுவும் இருந்தது, ஆனால் 'கொட்டி' என்ற சொல்லுக்குப் பின்னால். அந்தச் சொல்லைப் பார்த்ததுமே பெண்கள் நோட்டீசை மடித்து அடுப்பங்கரை அலமாரியில் விரித்துவிட்டார்கள்.

நாங்கள் பேச்சை இப்படி மாற்றினோம்: "வண்டி வர்ற அன்னைக்கு டிரம்முல தண்ணி எப்படியும் அடிதட்டிக் கிடக்கும். மிச்சத்தை அண்டாவுல மாத்திட்டு, தேங்கா நாரால உள்சுவரை நல்லாத் தேச்சுட்டுப் புதுத் தண்ணி பிடிங்க. பழைய வேட்டியப் போட்டு மூடி, கயிறால இறுக்கிக் கட்டுங்க." யாரும் ஒரு சொட்டும் கொட்ட வேண்டியதில்லை. செலவும் இல்லை. வண்டி வரும் நாள் ஊருக்கே தெரியும் என்பதால் தனியாக நினைவுபடுத்தவும் வேண்டியதில்லை.

அதற்கப்புறமும் நம்பாதவர்கள் இருந்தார்கள். "நல்ல தண்ணியில இருக்குறது கூத்தாடிப் புழு நர்சம்மா, அது கடிக்கவா போகுது?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். அவருக்காக ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் புழுவோடு தண்ணீரை எடுத்து, வாயில் மெல்லிய துணி கட்டி, அவர் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துவிட்டு வந்தேன். நாலைந்து நாளில் துணிக்கு அடியில் கொசு உட்கார்ந்திருந்தது. காலில் வெள்ளை வெள்ளையாகப் பட்டை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளெல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. புழுவை எந்த வீட்டு டிரம்மிலிருந்தும் எடுக்கக் கூடாது, எடுத்தால் அந்த வீட்டுக்காரிக்கு மானப் பிரச்சினை. அதற்குப் பிறகு நமக்குக் கதவே திறக்க மாட்டாள். எங்கள் நிலையத்துக்குப் பின்னாலிருந்த சிமெண்ட் தொட்டியிலிருந்துதான் எடுத்தேன். "கவர்மெண்டுத் தொட்டியிலயே இருக்காக்கும்" என்று அந்தப் பெரியம்மா சிரித்ததில் பாதி வேலை முடிந்தது.

டெங்குவில் இதைவிடக் கடினமான செய்தி ஒன்று உண்டு. காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்பது. மூன்று நாலு நாள் உடம்பு கொதிக்கும், பிறகு சட்டென்று இறங்கும். இறங்கிய அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகும் நேரம். விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் சில்லிடுதல், கிறக்கம், காரணமில்லாத பதற்றம், சிறுநீர் குறைதல் — இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

இதை மீனவரிடம் சொல்லிப் பாருங்கள். நாலு நாள் படுத்துக் கிடந்தவனுக்கு மீன் வருமானத்தில் வரும் பங்கு போயிருக்கும். காய்ச்சல் விட்ட அன்றைக்கே கடலுக்குக் கிளம்புவான். கரையிலிருந்து பல மைல் தள்ளி வயிற்று வலி வந்தால் படகைத் திருப்பிக் கொண்டுவருவது லேசான காரியமா? எங்கள் அறிவிப்புகள் எல்லாம் "காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்" என்பதோடு நின்றுவிடும். காய்ச்சல் விட்டால் என்ன என்று ஒரு வரி இருக்காது.

வீடு வீடாகச் சொல்லிப் பலன் இல்லாமல், கரைக்குப் போய்ச் சொன்னோம். யாரைக் கடலுக்குக் கூட்டிப் போவது என்று முடிவு செய்கிறவர்கள் படகு டிரைவரும் சம்மாட்டி என்னும் படகு முதலாளியும்தான். அவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: காய்ச்சல் விட்டு மூணு நாள் ஆகாத ஆளை ஏற்றாதீர்கள். காரணத்தையும் சொன்னோம். ஒரு சம்மாட்டி, "மூணு நாள்னா ஒரு தங்கல்தானே போகும், போகட்டும்" என்றார். (தங்கல் என்பது இரவு கடலில் தங்கி மீன்பிடிக்கும் ஒரு நடை.) இன்னொருவர் கடைசிவரை காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதுவும் நடக்கும். ஆனால் முடிவெடுக்கும் ஆள் யார், அவர் எந்த இடத்தில் நின்று முடிவெடுக்கிறார் என்று பார்த்து அங்கே போய்ச் சொன்ன சொல்லுக்கு இருந்த எடை, தெருத் தெருவாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னதற்கு இருந்ததில்லை.

கூடவே மெடிக்கல் கடைக்கும் போனோம். இங்கே உடம்பு வலி என்றால் கடையில் "ஒரு செட் மாத்திரை" கேட்பது வழக்கம். பெயர் தெரியாத நாலு மாத்திரை ஒரு பொட்டலத்தில் வரும். அதில் வலி மாத்திரை இருந்தால் டெங்குவில் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபினாக் எதுவும் கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான். பப்பாளி இலைச் சாறு பற்றிச் சண்டை போடுவதை நான் நிறுத்திவிட்டேன். குடிக்கிறவர் குடிக்கட்டும். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் போகிறதா, சிறுநீர் போகிறதா, மேலே சொன்ன அறிகுறிகளைப் பார்க்கிறார்களா என்பதைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஓடுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். எண் இறங்காமலே மோசமானவர்கள் உண்டு, எண் இறங்கியும் ஒன்றும் ஆகாதவர்கள் உண்டு.

இன்னொன்று. ராமேஸ்வரம் தீவிலும் பாம்பன் பக்கத்திலும் மலேரியா பழைய விருந்தாளி. காய்ச்சல் என்றால் விரலில் குத்தி ரத்தத் தடவல் எடுப்பது அங்கே சாதாரணம். பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றால் யாரும் திரும்பப் போய்ச் சொல்ல மாட்டார்கள், இருந்தால் மட்டும்தான் ஆள் வருவார். "எடுத்துட்டுப் போனாகளே, என்னாச்சுன்னே தெரியலையே" என்று கடல்பாசி எடுக்கும் ஓர் அக்கா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த தடவை விரலை நீட்டச் சொன்னபோது அவர் நீட்டவில்லை. ஒன்றுமில்லை என்பதும் ஒரு முடிவு, அதையும் போய்ச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் படிவத்தில் எங்கேயும் இல்லை. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எதை எடுத்துக்கொண்டு போனாலும் எந்தக் கிழமை பதில் சொல்வேன் என்று சொல்லிவிட்டுப் போவது, பதில் வராவிட்டாலும் அந்தக் கிழமை போய் "இன்னும் வரலை" என்று சொல்வது. நடைதான் கூடுதல்.

இந்தப் பழக்கம் பெரிதாகக் கைகொடுத்தது 2017 பிப்ரவரியில். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஊசி, 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்ட எல்லாருக்கும் என்று தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தொடங்கினார்கள். தொடங்கிய சில நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் சுற்றியது. அந்த ஊசி போட்டால் பிள்ளைகளுக்குப் பின்னாளில் குழந்தை பிறக்காதாம். பள்ளிக்கூடங்களில் பெற்றோர் திரண்டுவந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

எங்கள் பகுதியில் ஒரு ஜமாத்தில் பேச அழைத்தார்கள். பெண்களுக்குத் தனியாக மதரசாவில் உட்கார்ந்தோம். நான் ஊசியின் பெருமையை ஆரம்பிக்காமல், என்ன கேள்விப்பட்டீர்கள் என்று முதலில் கேட்டேன். வாட்ஸ்அப் குரலைச் சொன்னவர்கள் ஒருசிலர்தான். பெரும்பாலானவர்களின் கேள்வி வேறு. "எங்களைக் கேக்காம பள்ளிக்கூடத்துல வச்சு ஏன் போடுறாக? இத்தனை வருசம் போடாத ஊசிக்கு இப்ப என்ன அவசரம்? காசு வாங்காமக் குடுக்குறாகளே, ஏன்?" ஒரு லாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) இதைக் கேட்டபோது குரலில் கோபம் இல்லை. கணக்குக் கேட்கிற தொனிதான்.

வதந்தியை மறுத்துப் பேசுவதற்கு என்று எங்களுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதை நான் வெளியே எடுக்கவே இல்லை, இந்தக் கேள்விகளுக்கு அதில் பதில் கிடையாது. தட்டம்மை ஊசி உங்கள் கைக்குழந்தைகளுக்கு ஏற்கெனவே நான் போட்டதுதான், அதோடு ரூபெல்லா சேர்ந்திருக்கிறது என்று சொன்னேன். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் பிள்ளைக்குக் கண்புரை, காது கேளாமை, இருதயக் கோளாறு வரலாம் என்பதையும், ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சமயத்தில் போட்டால்தான் நோய் சுற்ற இடமில்லாமல் போகும் என்பதையும் சொன்னேன். பள்ளியில் வேண்டாம் என்றால் சுகாதார நிலையத்துக்குத் தாயோடு வரட்டும் என்றேன். கடைசியாக, "போட்டு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுச் சில பிள்ளைகளுக்கு லேசாக் காய்ச்சலும் தடிப்பும் வரும், ரெண்டு மூணு நாள்ல போயிரும். அப்ப நான் வீட்டுக்கு வருவேன்" என்றேன்.

பலருடைய மனத்தை மாற்றியது இந்தக் கடைசிப் பேச்சுத்தான் என்று நினைக்கிறேன். சொன்னபடியே சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது, நானும் போனேன். முன்கூட்டியே சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் காய்ச்சலே வாட்ஸ்அப் குரலுக்குச் சாட்சியாகியிருக்கும்.

மதத்தலத்தோடு சேர்ந்து வேலை செய்வதைப் பற்றி வெளியூர் அதிகாரிகளுக்கு ஒரு தயக்கம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்துக்கு அதில் வலியான ஒரு பாடம் உண்டு. மனநோய் தீரும் என்று நம்பி ஆட்களைக் கூட்டிவரும் தர்கா இருக்கும் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். பின்னாளில் அங்கே வந்த திட்டத்துக்கு 'தவா-துஆ' என்று பெயர், மருந்தும் பிரார்த்தனையும். தர்காவை விட்டுவிட்டு வா என்று நோயாளியைக் கூப்பிடாமல், மனநல மருத்துவம் அவர்கள் வந்து தங்கும் இடத்துக்கே போனது. துஆ ஓதிவிட்டு மாத்திரையும் வாங்கிக்கொள்கிறார்கள். யாருக்கும் யாரும் தோற்கவில்லை.

கொரோனாவின் முதல் மாதங்களைப் பற்றி அதிகம் எழுதப் பிடிக்கவில்லை. 2020 ஏப்ரலில் தினசரி அறிக்கையில் டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாத் என்ற முஸ்லிம் அமைப்பின் மாநாட்டுக்குப் போய்வந்தவர்கள் என்று தனியாக எண்ணிக்கை வந்துகொண்டிருந்தது. பிறகு 'ஒரே தொற்று மூலம்' என்று சொல்லை மாற்றினார்கள். ஆனால் அதற்குள் கடைத்தெருவில் எங்கள் ஊர்க்காரர்களை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கியாயிற்று. இருமினால் மறைத்தார்கள், காய்ச்சல் என்று சொல்லவே பயந்தார்கள். தொற்றுநோயில் இதைவிடப் பெரிய நட்டம் வேறில்லை. யாருக்கு வந்தது என்பதை விட்டுவிட்டு எந்த இடத்தில், எந்தத் தேதியில் இருந்தவர்கள் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று கதவில் ஒட்டிய தாள் இன்னொரு கூத்து. மீன் விற்கும் பெண்ணின் வீட்டுக் கதவில் ஒட்டிய தாளைப் பதினான்கு நாள் கழித்து யாரும் வந்து கிழிக்கவில்லை. வெயிலில் வெளுத்து அதுவாக உதிரும்வரை அவளிடம் யாரும் மீன் வாங்கவில்லை. ஒட்டியவர்களுக்குக் கிழிப்பது வேலைப் பட்டியலில் இல்லை.

போனை எடுத்தால் இருமல் சத்தத்தோடு ஆரம்பிக்கும் அந்த அறிவிப்பும் ஞாபகம் வருகிறது. நடுக்கடலில் சிக்னல் கிடைக்கும் ஒன்றிரண்டு நிமிடத்தில் வீட்டுக்குப் பேச முயன்றவர்கள் அதைத் திட்டிய திட்டு இங்கே எழுத முடியாது.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டு, எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேட்டி கொடுத்தார். 16ஆம் தேதி மாரடைப்பு, 17ஆம் தேதி காலை இறந்துவிட்டார். இருதயத்தின் முக்கியக் குழாயில் முழு அடைப்பு, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சிகிச்சை கொடுத்த மருத்துவமனை உடனே சொன்னது. ஆனாலும் எங்கள் முகாமில் அடுத்த நாள் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. மைக்கில், "பக்க விளைவே கிடையாது, பயப்படாதீர்கள்" என்று திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. பயந்தவரிடம் பயப்படாதே என்றால் போய்விடுமா?

நாங்கள் மைக்கை நிறுத்தச் சொல்லிவிட்டு வீடுகளுக்குப் போனோம். சொன்னது இவ்வளவுதான்: "மாரடைப்பு ஊசிக்கு முன்னாடியும் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. நம்ம தெருவுலயே போன வருசம் யார் யாருக்கு வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். இதை அரசாங்கம் குழு வச்சு விசாரிக்கும். முடிவு வந்ததும் நான் வந்து சொல்றேன்." அந்த முடிவு அக்டோபரில்தான் வந்தது. இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஒன்றிய அரசின் குழு சொன்னது. ஆறு மாதம்! ஏப்ரலில் எல்லாச் சேனலிலும் ஓடிய செய்திக்கு அக்டோபரில் கிடைத்த இடம் அடியில் ஓடும் ஒரு வரி. அந்த வரியை எடுத்துக்கொண்டு நான் போனபோது பலர் ஊசி போட்டு முடித்திருந்தார்கள். இருந்தும், "மறக்காம வந்து சொல்றீகளே" என்று உட்காரவைத்து டீ கொடுத்தார்கள்.

ஊசி இடைவெளியிலும் இதே பாடு. முதலில் நாலிலிருந்து ஆறு வாரம் என்றார்கள், பிறகு கோவிஷீல்டுக்கு ஆறிலிருந்து எட்டு, மே மாதம் 12 முதல் 16. "ஊசி தீந்துபோச்சு, அதான் தள்ளிப் போடுறாக" என்று பேச்சு. இடைவெளி கூடினால் எதிர்ப்புச் சக்தி கூடுகிறது என்று ஆய்வும் இருந்தது, அந்த மாதம் ஊசித் தட்டுப்பாடும் இருந்தது. இரண்டும் உண்மை என்று சொன்னால் ஜனங்கள் ஒத்துக்கொள்வார்கள். தட்டுப்பாடே இல்லை என்று மேடையில் பேசும்போதுதான் ஆய்வையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

ஆட்சியாளர்கள் காது கொடுத்துக் கேட்டதும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2021 செப்டம்பர் 12 முதல் ஞாயிறுதோறும் மெகா முகாம் நடந்தது. ஊசி போட்டால் கறி தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது என்று ஒரு பேச்சுப் பரவியிருந்ததால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறைந்தது. அதைத் தெரிந்துகொண்டு அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். மாநிலத்துக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் பாக் நீரிணையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள்கள் திங்கள், புதன், சனி. சனிக்கிழமை டோக்கன் வாங்கிக் கிளம்பினவன் ஞாயிறு காலைதான் கரைக்கு வருவான். இந்த ஒரு கரைக்கு மட்டும் சனி சரிப்படாது. அதனால் ஞாயிறு விடிகாலை, படகு வந்து மீன் இறங்கி ஏலம் போகிற நேரத்தில், ஏலக்கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஊசிப் பெட்டியோடு உட்கார்ந்தோம். ஊசிக்கும் வஞ்சிர மீனுக்கும் பகை இல்லை என்று ஒரு டாக்டர் அங்கேயே நின்று மீன் வாங்கிக்கொண்டே சொன்னது எந்த நோட்டீசையும்விட நன்றாக வேலை செய்தது.

இத்தனைக்கும் எங்கள் ஜனங்கள் எச்சரிக்கைக்குக் கட்டுப்படாதவர்கள் இல்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் ஒரு படகு போகாது. 2020 டிசம்பர் முதல் வாரம், கொரோனாவுக்கு நடுவிலேயே, புரெவி புயல் இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. கூண்டு ஏறியது, படகுகளைப் பத்திரப்படுத்தினார்கள், தாழ்வான இடத்தில் இருந்தவர்கள் முகாமுக்குப் போனார்கள். புயல் எங்கள் கரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, நின்ற இடத்திலேயே வலுவிழந்துபோனது. பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வானிலை ஆபீஸ்காரன் பொய் சொல்லிவிட்டான் என்று ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்கவில்லை. அதே ஆட்கள்தான் நாலைந்து மாதம் கழித்து எங்கள் ஊசி முகாமைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

எனக்குத் தோன்றுவது இது. கூண்டில் எண் உண்டு. ஒன்று என்றால் தூரத்தில், பத்து என்றால் தலைக்கு மேல். நிலைமை மாறினால் எண் மாறும், மாறுவதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. ஆபத்து போனதும் கூண்டை இறக்கிவிடுவார்கள், கடலுக்குப் போகலாம். எங்கள் சுகாதார அறிவிப்புக்கு ஏறத்தான் தெரியும். 2017இல் ஒட்டிய டெங்கு நோட்டீஸ் 2019இலும் பஸ் ஸ்டாப்பில் இருந்தது. எல்லா வருடமும் எல்லாருக்கும் எப்போதும் ஆபத்து என்றால் அது எந்த எண்?

இதை யோசித்த பிறகு நிலையத்து வாசலில் ஒரு கரும்பலகை வைத்தேன். எழுதுவது நாலு விஷயம்தான். இன்றைய தேதி. எந்தத் தெருவில் காய்ச்சல், ஆள் பெயர் இல்லாமல். இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று, அதிகம் போனால் இரண்டு. அடுத்து எந்தக் கிழமை எழுதுவேன் என்பது. புதுக் காய்ச்சல் இரண்டு வாரமாக இல்லை என்றால் அதையும் எழுதி, டெங்கு வரியை எல்லாரும் பார்க்க அழிப்பேன். மேலதிகாரி ஒருவர், இன்னும் தெரியவில்லை என்றெல்லாம் பலகையில் எழுதாதீர்கள், ஜனங்கள் நம்மை என்ன நினைப்பார்கள் என்று கடிந்துகொண்டார். தலையாட்டிவிட்டு அடுத்த கிழமையும் அதையே எழுதினேன்.

2024 ஏப்ரல் கடைசியில் மறுபடி போன் அடிக்க ஆரம்பித்தது. அரிதாக ரத்தம் உறையும் பிரச்சினை வரலாம் என்று ஆஸ்ட்ராஜெனகா நிறுவனம் இங்கிலாந்து கோர்ட்டில் ஒத்துக்கொண்டது என்று செய்தி. நம் ஊர் கோவிஷீல்டு அதே ஊசிதான். "நமக்கும் இப்ப அடைச்சுக்குமா?" என்று வரிசையாகக் கேட்டார்கள். இது புதுச் செய்தியே இல்லை. 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பிய மருந்து நிர்வாகம் சொல்லிவிட்டது. அதே வருடம் மே 17 அன்று நம் சுகாதார அமைச்சகமும், 10 லட்சம் டோசுக்கு 0.61 என்ற அளவில் அப்படிப்பட்ட பாதிப்பு இருக்கலாம் என்று சொல்லி, ஊசி போட்டு 20 நாளுக்குள் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கால் வீக்கம், விடாத தலைவலி, தோலில் ஊசி முனை அளவு சிவப்புப் புள்ளி வந்தால் வரச் சொன்னது. அந்தப் பட்டியலை அப்போது ஜெராக்ஸ் எடுத்து ஊசி போட்டவர்களுக்குக் கொடுத்திருந்தோம். வைத்திருந்தவர்களில் ஒரு லாத்தா போனிலேயே, "நீங்க குடுத்த தாள்ல இருந்ததுதானே இது? மூணு வருசம் ஆச்சே, இனி ஒண்ணும் இல்லையே?" என்று அவரே பதிலையும் சொல்லிக் கேட்டார். ஆமாம், அந்த ஆபத்து முதல் சில வாரங்களோடு போனது என்றேன். மைக்கில் 'பக்க விளைவே கிடையாது' மட்டும் கேட்டவர்களைத்தான் சமாதானப்படுத்த முடியவில்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது.

சமாதானமாகாத ஒருவர் இன்னும் இருக்கிறார், படகு டிரைவர். அவருடைய தம்பி ஊசி போட்டுச் சில வாரம் கழித்துக் கடலில் நெஞ்சு வலி வந்து இறந்துவிட்டார். ஊசிதான் என்பது குடும்பத்தின் முடிவு. ஊசி இல்லை என்று அவரிடம் அடித்துச் சொல்ல வந்தவர்கள் பலர். நான் சொன்னது, "எனக்குத் தெரியாதுண்ணே. பிரேதப் பரிசோதனை பண்ணல, இனிமே தெரியவும் வழியில்ல." அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பூஸ்டர் போட வரவில்லை, பிள்ளைகளையும் கொரோனா ஊசிக்கு அனுப்பவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் ரத்த அழுத்தம் பார்க்க மாதாமாதம் என் வீட்டுக்கே வருகிறார். போன தடவை 150/90 இருந்தது. கருவாட்டைக் குறைங்கள் என்றேன். "அது முடியாது நர்சம்மா, மாத்திரையக் கூட்டிக் குடுங்க" என்றார். டாக்டரிடம் காட்டாமல் மாத்திரை கூடாது, வெள்ளிக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள், நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.